படத்தில் இல்லாத பரிசல்

நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதையே வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் "அப்படீங்களா" என்று மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். பேய், சகுனம், கண்ணேறு எதுவும் எனக்கு ஒட்டாது. பழைய கார் ஒன்று வாங்கியபோது சக்கரத்துக்கு வைக்கச் சொல்லி மாமியார் நான்கு எலுமிச்சம்பழம் கொடுத்தார், அதில் இரண்டைப் பிழிந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டு மீதி இரண்டை மட்டும் முன்சக்கரத்துக்கு வைத்தவள் நான். வண்டி இன்றுவரை நன்றாகத்தான் ஓடுகிறது. அப்படிப்பட்டவள் சொல்கிறேன் என்பதையாவது கொஞ்சம் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் வீட்டுக்காரர் பிரபுவும் துடியலூரில் இருக்கிறோம். அவர் முன்பு லேத் பட்டறையில் இருந்தார், இப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறோம். புதுப்படம் வந்தால் தியேட்டர் வாசலில் நின்று, பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் கருத்துக் கேட்டுப் போடுவோமே, அந்த வேலைதான். கேமரா அவர், மைக் நான். சிவப்புப் பஞ்சு மாட்டிய மைக்கை நீட்டிக்கொண்டு ஓடி வரும் ஒரு பெண்ணை எங்கேயாவது பார்த்து நீங்கள் ஒதுங்கிப் போயிருந்தால் அது நானாகத்தான் இருக்கும்.

இந்த வேலையில் வித்தை என்பது மைக்கை நீட்டுவதில் இல்லை, பிடுங்குவதில் இருக்கிறது. நமக்கு வேண்டிய வரி வாயிலிருந்து விழுந்த அடுத்த நொடி மைக் அடுத்த ஆளிடம் போய்விட வேண்டும், இல்லாவிட்டால் மனிதர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். அதுவும் நம் கோயம்புத்தூர்க்காரர்கள் இருக்கிறார்களே, படம் படுமோசம் என்பதைக்கூட "ஏதோ அவங்களும் கஷ்டப்பட்டு எடுத்திருக்கறாங்க, ஆனா நமக்குத்தானுங்க புடிபடல" என்று சுற்றிச் சுற்றிச் சொல்லுவார்கள். அவர்கள் "சுமாருங்க" என்றால் படம் அவுட் என்று நாங்கள் புரிந்துகொள்வோம். கேமராவுக்குச் சத்தம் என் மைக்கில் இருந்துதான் போகும், ஆகவே மைக் விலகிவிட்டால் அதற்கப்புறம் அவர்கள் என்ன பேசினாலும் பதிவாகாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எல்லாச் சேனலுக்கும் முன்னால் போட்டுவிட வேண்டும் என்கிற அவசரத்தில், படம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்காக மட்டும் நாங்கள் காத்திருப்பதில்லை. உள்ளே போகிறவர்களையும் அதே போஸ்டர் முன்னால் நிறுத்தி "படம் எப்படிங்க இருந்துச்சு" என்று கேட்டுவிடுவோம். அவர்களும் புரிந்துகொண்டு சிரித்துக்கொண்டே "சூப்பருங்க, குடும்பத்தோட பாக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார்கள். போகிறவர் யார், வருகிறவர் யார் என்று வீடியோவில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. நாங்களும் படத்தைப் பார்ப்பதில்லை, நேரம் எங்கே இருக்கிறது?

அன்றைக்கு வந்தது ஆளைத் தின்னும் முதலைப் படம். எந்த நாட்டிலோ எடுத்துத் தமிழில் பேச வைத்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் காட்சி, அந்த நேரத்துக்கே கல்லூரிப் பையன்களும் பெண்களுமாக வாசல் நிறைந்துவிட்டது. எனக்கும் ஒரே உற்சாகம், ஏனென்றால் இந்த மாதிரிப் படங்களுக்குத்தான் ஜனங்கள் கையைக் காலை ஆட்டிப் பேசுவார்கள்.

எட்டே முக்கால் இருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியாக வந்தார். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் மஞ்சள் பை, பைக்குள்ளிருந்து காலிஃபிளவர் நாற்று எட்டிப் பார்த்தது. தோட்டத்துக்குப் போகிற வழியில் படத்துக்கு வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். போஸ்டர் முன்னால் நிறுத்தி வழக்கம்போல "படம் எப்படிங்கண்ணா இருந்துச்சு" என்றேன். மற்றவர்கள் எல்லாம் சிரிப்பார்கள் என்று சொன்னேன் அல்லவா, அவர் சிரிக்கவில்லை.

"நல்லாத்தான் எடுத்திருக்கறாங்கம்மணி. ஆனா அந்தப் பரிசல் சீனை என்னால பாக்க முடியலீங்க. பரிசலைக் கவுத்து வெச்சிருக்குது, அதுக்குப் பக்கத்துல அந்தக் கேமராக்காரத் தம்பி மண்டி போட்டு உக்காந்திருக்கறாப்ல. எருமை தண்ணிகிட்ட வந்து குடிக்காம நிக்குதுங்க. அதைப் பாத்தாவது எந்திரிச்சிருக்கலாம். மேட்டு மேல அவிய ஊட்டுக்காரம்மா நிக்குது, போனையே பாத்துட்டு. ஒருக்கா தலை நிமிந்திருந்தா போதுமுங்க. கடைசியில ஒத்தைச் செருப்பு மட்டும் மிதக்குது பாருங்க, மனசைப் போட்டுப் பிசைஞ்சுபோட்டுது."

என் காது கேட்டது, மனசு கேட்கவில்லை. இத்தனை விவரமாகப் புளுகுகிற ஆளை நான் பார்த்ததே இல்லை, சந்தோஷமாக இருந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார், அதற்குள் கல்லூரிப் பையன் ஒருவன் துள்ளிக்கொண்டு வந்தான், எனக்கு வேண்டியதும் கிடைத்துவிட்டது, மைக்கை அவனிடம் திருப்பிவிட்டேன்.

படம் விட்டு வந்தவர்கள் சொன்னதையும் கேளுங்கள், இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். கிணத்துக்கடவுத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், "எல்லாத்தையும் விட முதலை நல்லா நடிச்சிருக்குதுங்க, ஹீரோதான் கொஞ்சம் சுமாருங்க" என்றார். பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர், "ஒரே நாள்ல பதினோரு ஆளைத் திங்குதுங்க, அத்தனை தீனி எடுத்தா எந்த உசுருக்கும் செரிக்காதுங்க, டைரக்டரு ஒருக்கா எங்க பண்ணைக்கு வந்து கேட்டிருக்கலாம்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். இரண்டு குழந்தைகளோடு வந்த ஒரு அம்மா, "பசங்க பயப்படவே இல்லைங்க, நான்தான் பையன் மடியில உக்காந்துட்டேன்" என்றார். யாரும் பரிசல் என்ற பேச்சை எடுக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

பக்கத்துப் பேக்கரியில் உட்கார்ந்து டீயும் பப்ஸும் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் லேப்டாப்பில் வெட்டி ஒட்டினார். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீடியோ போட்டாகிவிட்டது. போட்ட வேகத்தில் கமெண்ட் கொட்டியது. அதில் ஒருவர், நம்ம சிறுமுகைப் பக்கமே நிஜ முதலை இருக்கிறது, அதைப் போய்ப் படம் பிடித்துப் போடுங்கள் பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான், இவருக்குக் கை பரபரக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏனம்மணி, ஒரு மணி நேரம்தானே, போயிட்டு வந்தர்லாம். தூரத்துல தலை தெரிஞ்சாக்கூடப் போதும்."

"நீங்க தூரத்துல நிக்கற ஆளாங்க? கிட்டப் போனாத்தான் படம்னு சொல்றவிய நீங்க."

"இல்லங்கம்மணி, சத்தியமா மேட்டு மேலயே நிப்பேன்."

எனக்கும் ஆசைதான், மறைக்க என்ன இருக்கிறது. கவனியுங்கள், நாங்கள் அங்கே போவது என்று முடிவு செய்தது மத்தியானம். காலை எட்டே முக்காலுக்கு எங்களுக்கே அது தெரியாது.

மேட்டுப்பாளையம் தாண்டிச் சிறுமுகைக்கு அப்பால், அணைத் தண்ணீர் வந்து பரந்து தேங்கி நிற்கும் இடம் அது. கரையெல்லாம் வாழைத்தோட்டம். வனத்துறைப் பலகையில் முதலை இருக்கிறது, தண்ணீரில் இறங்காதீர்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அந்தப் பலகையைப் படித்தோம், அதன் முன்னால் நின்று செல்ஃபியும் எடுத்தோம், எடுத்துவிட்டு அதைத் தாண்டியும் போனோம். படித்தவர்கள் செய்கிற காரியம் அது. மாலை நான்கு மணி, நல்ல வெயில், பயப்படுகிற மாதிரி ஒன்றுமே இல்லை.

அவர் மேட்டு மேல் ஐந்து நிமிடம்தான் நின்றார். அப்புறம் வெளிச்சம் சரியில்லை, கோணம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். தண்ணீர் விளிம்பு அங்கிருந்து இருபது அடி இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டார், இனி இடி விழுந்தாலும் கேட்காது. நான் சுவிட்சை நிறுத்திய மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு போனில் கமெண்ட் படித்துக்கொண்டிருந்தேன். சேனல் ஆரம்பித்த நாளிலிருந்து அத்தனை கமெண்ட் வந்ததில்லை, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தக் கமெண்ட் வந்தது. "வீடியோவுல ஹெல்மெட் வெச்சிருக்கறவர் பரிசல் சீன்னு ஏதோ சொல்றாரே, நான் இப்பத்தான் படம் பாத்துட்டு வர்றேன், படத்துல பரிசலே கிடையாதே." அதற்குக் கீழே இன்னொருவர், "எருமையும் கிடையாது, அவர் வேற தியேட்டருக்குப் போயிட்டார் போல" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, நம்பினால் நம்புங்கள், அந்த மனிதர் சொன்னது முழுக்க அப்படியே அவர் குரலிலேயே என் காதுக்குள் திரும்ப ஓடியது. மேட்டு மேல அவிய ஊட்டுக்காரம்மா நிக்குது, போனையே பாத்துட்டு. ஒருக்கா தலை நிமிந்திருந்தா போதுமுங்க.

நிமிர்ந்தேன்.

கீழே ஒரு பரிசல் கவிழ்த்துப் போட்டுக் கிடந்தது. யாரோ மீன் பிடிக்கிறவர் காயப் போட்டது. அதை ஒட்டி என் வீட்டுக்காரர் எனக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டு உட்கார்ந்து கேமராவுக்குள் கண்ணைப் புதைத்திருந்தார். இடது பக்கம் நான்கைந்து அடி தள்ளி ஒரு எருமை தண்ணீருக்கு நேராக மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. குடிக்கவில்லை, நகரவும் இல்லை.

எனக்கு அப்போது யோசனை என்று எதுவும் வரவில்லை. "ஏனுங்க, எந்திரிங்க" என்று கத்துகிறேன், கத்துகிறேன், ஹெட்போனில் அவருக்கு எங்கே கேட்கப் போகிறது, சரிவில் ஓடுகிறேன், கல்லில் கால் இடறுகிறது, நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் உறுதியாகத் தெரிகிறது, எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். கையில் இருந்தது மைக் ஒன்றுதான். பலங்கொண்ட மட்டும் அதை வீசினேன். பள்ளிக்கூடத்தில் பந்து எறியச் சொன்னால் எனக்குப் பின்னால் போய் விழும், அன்றைக்கு நேராக அவர் தோள்பட்டையில் போய் அடித்தது.

"என்னம்மணி, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்று கோபமாக எழுந்து என் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். வலது கால் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

அவர் பின்னால் தண்ணீர் பிளந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு வாய் மட்டும்தான், உட்புறம் வெளிர் மஞ்சளாக இருந்தது. அவர் மண்டியிட்டிருந்த இடத்தில் அது வந்து விழுந்தது, பரிசல் மேலே எகிறி விழுந்தது, ஸ்டாண்டு சாய்ந்தது, எருமை நாலுகால் பாய்ச்சலில் வாழைக்குள் ஓடியது. முதலை ஒரு நொடி எங்களைப் பார்த்தது. பிறகு பின்னாலேயே வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. என் மைக்கும் அதோடு போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் அடங்கியபோது அவருடைய செருப்பு, ஒற்றைச் செருப்பு, மெதுவாக மிதந்து வந்தது.

நான் முதலில் அவரை ஓங்கி ஒரு அடி வைத்தேன். அப்புறம் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷத்தில் அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எருமைக்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"அடக் கடவுளே, கண்ணு, உசுரோட இருக்கறியா? ஒரு மணி நேரமா எருமை தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க, நான் எருமைக்குத்தான் ஒடம்பு சரியில்லைன்னு நெனச்சுட்டேன்."

அந்தக் காட்சி கேமராவில் விழுந்திருந்தால் எங்கே போயிருப்போம் என்று கேட்பீர்கள், எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்டாண்டு சாய்ந்து கேமரா முழுக்க வானத்தைத்தான் பிடித்திருந்தது. நடுவில் கேமராவிலேயே இருக்கும் சின்ன மைக்கில் நான் கத்துவதும் லேசாகக் கேட்கிறது, "எந்திரிங்க எந்திரிங்க" என்று. அவ்வளவுதான் சாட்சி.

மறுநாளே இரண்டு பேரும் டிக்கெட் எடுத்து அந்தப் படத்தைப் பார்த்தோம், சேனல் ஆரம்பித்ததிலிருந்து நாங்கள் முழுசாகப் பார்த்த முதல் படம். பரிசல் இல்லை, எருமை இல்லை, கேமராக்காரன் இல்லை. வெள்ளைக்காரர்கள் மோட்டார் படகில் வந்து ஒவ்வொருவராகச் சாகிறார்கள். ஹெல்மெட்காரர் வேறு ஏதோ படத்தை நினைத்துச் சொல்லியிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன். வீடியோவில் அவர் முகம் இருக்கிறது, இன்றுவரை தெரிந்தவர் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் கேமராவில் இருந்த வெட்டாத பதிவைப் போட்டுப் பார்த்தேன். ஒற்றைச் செருப்பு வரைக்கும்தான் நாங்கள் வீடியோவில் வைத்திருந்தோம். அதற்குப் பிறகும் இருந்தது. ஹெல்மெட்காரர் நேராக என்னைப் பார்த்துச் சொல்கிறார், "ரெண்டாவது பார்ட்டும் வருமுங்க. அதுல மேட்டு மேல நின்ன அந்த அம்மணி..."

அந்த இடத்தில்தான் நான் மைக்கைப் பிடுங்கினேன்.

படம் மட்டும் ஓடுகிறது. ஓரத்தில் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார், வாய் அசைகிறது, ஒரு தடவை கையால் இடுப்பு உயரம் காட்டுகிறார், ஒரு தடவை தலையை ஆட்டுகிறார். கேட்பது எல்லாம் அந்தக் கல்லூரிப் பையன் "மரண மாஸுங்க, சீட் நுனியில உக்கார வெச்சுட்டாங்க" என்று கத்துவதுதான். எண்ணிப் பார்த்தேன், பதினாலு நொடி. அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விடுகிறார். தியேட்டருக்குள் போகவே இல்லை.

இப்போதெல்லாம் யாராவது பேச ஆரம்பித்தால் அவர்களாக நிறுத்தும்வரை நான் மைக்கை எடுப்பதில்லை. வீடியோ இழுவையாக இருக்கிறது என்று கமெண்டில் திட்டுகிறார்கள், திட்டட்டும். அந்த முதலைப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று போன வாரம் அறிவித்துவிட்டார்கள். நான் ஆற்றுப் பக்கம் போவதில்லை, வாய்க்கால் பாலத்தில் வண்டி ஏறினால் கண்ணை மூடிக்கொள்கிறேன். வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவக்கூட இவர் என்னை விடுவதில்லை.

எங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள், பெயர் மைதிலி. பிறவியிலேயே காது கேட்காது, ஆனால் எதிரில் இருப்பவர் வாயைப் பார்த்தே என்ன பேசுகிறார் என்று சொல்லிவிடுவாள். பத்து நாள் தயங்கிவிட்டு, கடைசியில் அந்தப் பதினாலு நொடியைப் போனில் அவளிடம் காட்டினேன். ஒரு தடவை பார்த்தாள். இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தைக்கிற துணிக்கு அளவு எழுதும் நோட்டில், "ஒண்ணும் புரியலீங்கக்கா" என்று எழுதிக் காட்டினாள். சரி, விட்டது கவலை என்று எழுந்தேன்.

அன்றிலிருந்து நான் எப்போது அவள் தையல் கடைக்குப் போனாலும், மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். நான் கிளம்பும்வரை விடுவதில்லை.